நான் பார்க்காத புளியமரம்

வால்பாறையில் இந்த வருடம் குளிர் கொஞ்சம் ஜாஸ்தி. இது நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். முக்கியமாக 1995-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் சங்ககிரி கோட்டைக்குப் போய் வந்தேன். அறுபத்தஞ்சு வயசில், முட்டி வலியோடு, கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மலை ஏறினேன். "எதுக்கு டீச்சர் இந்த வேலை?" என்று கேட்பீர்கள். எங்க வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்.

காரணத்தைச் சொல்லத்தான் இத்தனை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் எஸ்டேட் பிள்ளைகளுக்கு ஊர் உலகம் பார்க்க வழி ஏது? அம்மா அப்பா விடியக்காலையில் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். பிள்ளைகள் லைன் வீட்டிலிருந்து சறுக்கு வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வருவார்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு தாண்டி பொள்ளாச்சிக்குப் போவதே அவர்களுக்குப் பெரிய பயணம். அதனால் நான் நிறையக் கதை சொல்வேன். பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ, ஆடிப்பெருக்கு வந்தால் தீரன் சின்னமலை கதையைச் சொல்லாமல் விடமாட்டேன்.

கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காங்கயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்தவர், பெயர் தீர்த்தகிரி. மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழியில் மறித்து எடுத்துக்கொண்டு, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை எடுத்துக்கொண்டான் என்று போய்ச் சொல்" என்றாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இது ஊர் வழக்கில் வருகிற கதை. பிறகு அதே மைசூர் திப்பு சுல்தானோடு சேர்ந்து கம்பெனிப் படையை எதிர்த்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்த பிறகு ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு தனியாக நின்றார். 1801-இல் காவிரிக் கரையில், 1802-இல் ஓடாநிலையில், 1804-இல் அறச்சலூரில் மோதினார். கடைசியில் பிடிபட்டு, 1805 ஜூலை 31-ஆம் தேதி சங்ககிரி கோட்டையில் தம்பிமார்களோடு தூக்கில் போடப்பட்டார். அன்று ஆடி 18.

(இங்கே ஒரு சின்ன விஷயம். இப்போது ஆடி 18 ஆகஸ்ட் 3-ஆம் தேதி வருகிறது, அப்போது எப்படி ஜூலை 31 என்று ஒரு வருடம் ஒருத்தி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நம் பஞ்சாங்க வருடம் ஆங்கில வருடத்தைவிடக் கொஞ்சூண்டு நீளம். அறுபது எழுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் தள்ளிக்கொண்டே போகும். இருநூறு வருடத்தில் மூன்று நாள் தள்ளிவிட்டது. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ, இதைப் படித்தால் பதில் வந்து சேரட்டும்.)

அந்த 1995 ஆடியில் கதையை முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். பெயர் போடவில்லை, அவன் வேண்டாம் என்றான். "டீச்சர், நீங்க சங்ககிரி போயிருக்கீங்களா?" என்று கேட்டான்.

நான் போனதில்லை. அதுவரைக்கும் ஈரோடு தாண்டியதே இல்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஓ, போயிருக்கேனே!" என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மலை உச்சியில் ராஜா உட்கார்ந்த கல் சிம்மாசனம் இருக்கிறது என்றேன். அங்கிருந்து பவானி காவிரி வரைக்கும் ஒரு சுரங்கப்பாதை போகிறது என்றேன். சின்னமலையைத் தூக்கில் போட்ட புளியமரம் இன்னும் நிற்கிறது, அதை என் கையால் தொட்டுப் பார்த்தேன் என்றேன். தொட்டுக் காட்டுகிற மாதிரி கையையும் நீட்டினேன். வகுப்பே மூச்சு விடவில்லை.

அந்த வருடம் பொள்ளாச்சியில் ஒரு பேச்சுப் போட்டி. நம் பள்ளிக்கூடத்திலிருந்து அவனைத்தான் கூட்டிப் போனேன். நன்றாகப் பேசுவான், குரல் கணீரென்று இருக்கும். தலைப்பு விடுதலை வீரர் ஒருவர். அவன் சின்னமலையை எடுத்தான். எழுதிக் கொடுத்தது நான்தான். ஆனால் மேடையில் நின்றதும் எழுதாததையும் சேர்த்துக்கொண்டான். "எங்கள் டீச்சர் தொட்டுப் பார்த்த புளியமரம்" என்று சொன்னான்.

நடுவர்களில் ஒருவர் பெரியவர். பேச்சு முடிந்ததும் அவனை நிறுத்தினார். "தம்பி, நான் அந்தப் பக்கத்துக்காரன். அப்படி ஒரு மரத்தை நான் பார்த்ததில்லையே, யார் சொன்னா?" என்று கேட்டார். பையன் திரும்பி என்னைப் பார்த்தான். பெரியவரும் பார்த்தார். மண்டபமே பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

"சின்னப் பையன் சார், தானாச் சேத்துக்கிட்டான் போல" என்றேன்.

அவ்வளவுதான். பரிசு வேறு பிள்ளைக்குப் போனது. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். ஆழியாறு தாண்டி வளைவுகள் ஏறி அட்டகட்டியில் டீக்கு நிறுத்தினார்கள். ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். கோபித்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வாங்கிச் சாப்பிட்டான்.

அதற்கப்புறம் நானும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவனும் பேசவில்லை. பத்தாவது முடித்ததும் தேயிலை ஏற்ற வந்த லாரி ஒன்றில் கிளீனராகப் போய்விட்டான் என்று அவன் அம்மா சொன்னார்கள். பிறகு டிரைவர் ஆனான். இருபது வருடமாகச் சங்ககிரியில் இருக்கிறான். லாரித் தொழிலுக்குச் சங்ககிரியும் திருச்செங்கோடும் நாமக்கல்லும் எவ்வளவு பேர்போன ஊர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது சொந்தமாக ஒரு லாரி வைத்திருக்கிறான். போன தீபாவளிக்கு யாரோ என் நம்பரைக் கொடுக்க, போன் செய்தான். "டீச்சர், நம்ம ஊட்டுக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க. கோட்டையைப் பாத்துட்டுப் போலாம்" என்றான். பேச்சு முழுக்கக் கொங்குப் பேச்சாக மாறிவிட்டது. கோட்டை என்று சொன்ன குரலில் ஏதாவது இருக்கிறதா என்று கவனித்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

கோயம்புத்தூரில் மகள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, காந்திபுரத்தில் சேலம் பஸ் ஏறினேன். அவிநாசி, பெருந்துறை, பவானி, குமாரபாளையம் வரைக்கும் ரோட்டில் ஒன்றும் இல்லை. அப்புறம் தூரத்தில் தனியாக ஒரு மலை எழும்புகிறது. பக்கத்தில் போகப் போக மலை மேலே கோடு கோடாகத் தெரிகிறது. மதில் என்று முதலில் புரியவில்லை, பாறையின் வரி என்று நினைத்தேன். ரயிலில் வருகிறவர்கள் ஸ்டேஷன் பெயரைக் கவனியுங்கள், சங்கரிதுர்க்கம் என்று இருக்கும். துர்க்கம் என்றாலே கோட்டைதான். ஊர் மறந்தாலும் ரயில்வேக்காரர்கள் மறக்கவில்லை. சங்கு மாதிரி இருப்பதால் சங்ககிரி என்கிறார்கள். எனக்குச் சங்கு தெரியவில்லை. ஒரு பக்கம் பார்த்தால் படுத்திருக்கும் யானை மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு ஏற ஆரம்பித்தோம். அவன், ஏழாவது படிக்கும் அவன் மகள், நான். அடிவாரத்தில் சின்னமலைக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று இங்கேயும் ஓடாநிலை மணிமண்டபத்திலும் மாலை போட்டு மரியாதை செய்கிறார்கள். நாங்கள் போன அன்று ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

கோட்டை என்றதும் பாடப்புத்தகப் படத்தில் வரும் கோபுரமும் கொடியுமாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே மலைதான் கோட்டை. மனிதன் செய்ததெல்லாம், எங்கே ஏற முடியுமோ அங்கே அடைத்தது மட்டும். செங்குத்துப் பாறை இருக்கும் பக்கம் மதிலே தேவையில்லை. சரிவாக இருக்கும் பக்கத்தில்தான் மதிலுக்கு மேல் மதிலாகக் கட்டியிருக்கிறார்கள். பதினான்கு மதில் என்பார்கள். நான் எண்ண ஆரம்பித்து ஆறோ ஏழோ வந்ததும் மூச்சு வாங்கி விட்டுவிட்டேன். விஜயநகரக் காலத்தில், 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆரம்பித்தது. அப்புறம் மைசூர்க்காரர்கள், கடைசியில் கம்பெனிக்காரர்கள். ஒவ்வொருவரும் வந்து தன் பங்குக்குக் கட்டியிருக்கிறார்கள். இப்போது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது.

வாசல்களைப் பாருங்கள் என்று அவன் மகள்தான் காட்டினாள். எந்த வாசலும் நேராக இல்லை. பாதை வந்து மதிலில் முட்டி, திரும்பித்தான் உள்ளே போகிறது. யானையை விட்டோ மரத்தடியைத் தூக்கிக்கொண்டோ ஓடி வந்து கதவை இடிக்க வேண்டுமானால் நேராக ஓட இடம் வேண்டும் இல்லையா? அந்த இடத்தைக் கொடுக்கக் கூடாது. திரும்பி நிற்கிற நேரத்தில் மேலே இருக்கிறவன் கல்லைப் போடுவான். பீரங்கி, துப்பாக்கி வந்த பிறகு மதிலுக்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, நடுநடுவே ஓட்டை விட்டார்கள். உள்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் ஒடுக்கமாகவும் இருந்தால், உள்ளே இருப்பவனுக்குத் துப்பாக்கியைத் திருப்ப வசதி, வெளியே இருப்பவனுக்குக் குறி கிடைக்காது. ஒரு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கீழே பைபாஸில் போகிற லாரி சரியாக அதற்குள் வந்தது.

மலைக்கோட்டைக்கு உயிர் தண்ணீர்தான். அரிசி ஒரு வருடத்துக்குச் சேர்த்து வைக்கலாம், தண்ணீரை எப்படி ஏற்றுவது? பாறையில் ஊற்று இல்லை. மழை பெய்தால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதனால் பாறை மடிப்புகளில் தேங்கும் சுனைகளை ஆழப்படுத்தி, கரை கட்டி வைத்திருக்கிறார்கள். முற்றுகை எல்லாம் இந்தச் சுனையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதில்தான் தீரும். ஒரு சுனை ஓரத்தில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டேன். தண்ணீர் பச்சையாக இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலும் மிதந்தது. அவன் குச்சியால் இழுத்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

நம் பக்கத்தில் இந்த மாதிரிப் பாறைக் கோட்டைகள் எத்தனை! நாமக்கல்லில் ஊருக்கு நடுவிலேயே ஒரே பாறை, மேலே கோட்டை. திண்டுக்கல்லுக்கு முன்பே மகள் குடும்பத்தோடு போயிருக்கிறேன். 1605-இல் மதுரை நாயக்கர் ஆரம்பித்தது. 1755-இல் ஹைதர் அலி அங்கே அதிகாரியாக வந்தார். 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல்லும் சேலம் பாராமகால் சீமையும் சேர்ந்து கம்பெனி கைக்குப் போய்விட்டன. செஞ்சிக்கு இன்னும் போகவில்லை. அதை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மீதி ஒன்று நம் செஞ்சி. போயிருக்கிறேன் என்று இனிமேல் எதற்கும் சொல்லமாட்டேன், போனால் படம் போடுகிறேன்.

பாதிக்கு மேல் ஏறியதும் பாதை ஓரத்தில் ஒரு மரம். புளியமரம்தான். அப்படி ஒன்றும் வயதான மரம் இல்லை. அவன் அதன் கீழே நின்றான். மகளை, "நீ முன்னால போய் அந்த வாசல்ல நில்லு கண்ணு" என்று அனுப்பினான். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இதைத்தான் டீச்சர் உங்க மரம்னு வச்சுக்கிட்டேன்."

எனக்குக் கால் நிற்கவில்லை. பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடமாக ஒத்திகை பார்த்த மாதிரி இருந்தது, ஆனால் வாயில் வந்தது ஒரு வரிதான். "நான் அன்னைக்கு இங்க வந்ததே இல்லை, சாமி."

"தெரியுங்க டீச்சர்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். நீங்க நிசமாவே பாத்திருந்தா அந்தப் பெரியவர்கிட்டச் சண்டை புடிச்சிருப்பீங்க. எஸ்டேட் ஆபீஸ்லயே போய் எங்களுக்காகச் சத்தம் போட்ட ஆளு நீங்க. நீங்க சும்மா இருந்ததும் தெரிஞ்சு போச்சு."

பத்து வயசுப் பையன் அந்த மேடையில் நின்றுகொண்டு இத்தனையும் கணக்குப் போட்டிருக்கிறான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் ஒருத்தி மாணவனிடம் மன்னிப்புக் கேட்டால் அவன் பதறிப்போய் "ஐயோ விடுங்க டீச்சர்" என்பான் என்றுதான் நாம் நினைப்போம். அவன் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பன்னு தொண்டையில எறங்கவே இல்லீங்க டீச்சர்" என்றான். "வேண்டாம்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு தின்னேன்."

வேறு எதுவும் அதைப் பற்றிப் பேசவில்லை. எழுந்திருக்கக் கையைக் கொடுத்தான். "மேல போலாமா, இல்ல எறங்கிறலாமா?" என்று கேட்டான். மேலே போகலாம் என்றேன்.

உச்சியில் சென்னகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது. மலையிலேயே முஸ்லிம்கள் வந்து தொழும் இடமும் இருக்கிறது. இரண்டுக்கும் ஆட்கள் ஏறி வருகிறார்கள். மேலே நின்றால் தெற்கே திருச்செங்கோட்டு மலை, வடகிழக்கே பனியில் சேர்வராயன் மலை, மேற்கே காவிரிச் சமவெளி. சின்னமலை கடைசியாகப் பார்த்த பக்கம் எதுவோ என்று தோன்றியது. அவர் ஊர் மேற்கே இருக்கிறது, காவிரிக்கு அந்தப் பக்கம். பெண் பிள்ளை பெருமாள் கோயில் படியில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள். எனக்குக் குரங்குக்குப் பயம், பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

இறங்கும்போதுதான் கஷ்டம். ஏற்றத்தில் மூச்சு போகும், இறக்கத்தில் முட்டி போகும். வழுக்குப் பாறை வந்த இடமெல்லாம் அவன் ஒரு படி கீழே போய் நின்று, "என் தோளைப் புடிச்சுக்குங்க டீச்சர்" என்றான். வீடு வந்து சேர மதியம் ஒரு மணி. அவன் மனைவி நாட்டுக்கோழிக் குழம்பும் கம்மஞ்சோறும் செய்திருந்தார். சாப்பாட்டை நான் விடுவேனா!

சாப்பிட்டதும் அந்தப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வருகிற ஆடிக்கு அவள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியாம், சின்னமலையைப் பற்றிப் பேச வேண்டுமாம். "அப்பா சொன்னாரு, நீங்க நல்லாச் சொல்வீங்கன்னு" என்றாள். நான் அவனைப் பார்த்தேன். அவன் செல்போனில் யாரிடமோ லோடு விஷயம் பேசிக்கொண்டிருந்தான்.

சொன்னேன். ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இது புத்தகத்தில் படித்தது, இது ஊரில் சொல்வது, இது இன்றைக்கு நீயும் நானும் கண்ணால் பார்த்தது. அவள் மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டாள். வரிப்பணக் கதை ஊரில் சொல்வது. 1805 ஜூலை 31 படித்தது. திரும்பும் வாசல், சுனை, துப்பாக்கி ஓட்டை பார்த்தது. எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள், "பாட்டி, அப்பா ஒரு சுரங்கம் சொல்வாரே, பவானிக்குப் போறது, அது எந்தக் கட்டத்துல?"

அது எந்தக் கட்டத்திலும் வராது, நான் கட்டிவிட்டது என்றேன். அவள் அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலே சிரித்தான்.

1995 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே, இப்போது உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லியிருப்பீர்கள். கல் சிம்மாசனம் நான் பார்க்கவில்லை. சுரங்கப்பாதை நான் சொன்ன கதை. தூக்குப் போட்ட புளியமரத்தை நான் தொடவில்லை. பொள்ளாச்சிப் போட்டியில் நம் பையன் தானாக எதையும் சேர்க்கவில்லை, எல்லாம் டீச்சர் சொன்னதுதான். அப்போது அவனைக் கேலி செய்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். யார் என்று உங்களுக்கே தெரியும். அவன் நம்பர் வேண்டுமானால் எனக்குத் தனியாக எழுதுங்கள், அவனிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.

படங்கள் போட்டிருக்கிறேன். முதல் படம் பைபாஸிலிருந்து மலை. இரண்டாவது வாசல். மூன்றாவதில் மரத்தடியில் குச்சியோடு உட்கார்ந்திருப்பது நான். எடுத்தது அவன்.